வளவுப் படத்தில் தனிமை வரவில்லை என்றவருக்கு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டு வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தை, வாட்டர்கலரில் வரைந்தால், அந்தத் தனிமை வராமல் காலண்டர் படம் மாதிரி ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். படத்தைப் பார்த்தேன். கோடெல்லாம் சரி. வெளிச்சம்தான் எல்லா இடத்திலும் ஒரே அளவு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் மஞ்சளும் மூலைவரை கத்துகின்றன.

டென்மார்க் ஓவியர் ஹாமர்ஷாய் 1900-இல் வரைந்த படம் ஒன்று உண்டு. வெறும் அறை, சாத்திய கதவு, ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில், அதில் மிதக்கும் தூசி. ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

நீங்கள் உச்சிவெயிலில் வரையாதீர்கள். நாலு மணிக்கு மேல் உட்காருங்கள். முற்றத்து வெயில் தூணில் பாதி ஏறி நிற்கும். அந்தப் பட்டையை மட்டும் வெள்ளைத் தாளாக விட்டு, மற்றதை பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த சாம்பல் நிறத்தில் அடக்குங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் நிழலிலும் மங்கலாகப் பளபளக்கும். தரையின் சிவப்பு அதில் லேசாக ஊறித் தெரியும். அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் படத்தில் ஊஞ்சலில் சிரிக்கும் ஆச்சி. எடுத்துவிடச் சொல்ல எனக்கே மனசில்லை. முதுகு காட்டி உட்கார வையுங்கள். ஹாமர்ஷாயும் தன் மனைவியை அப்படித்தான் அடிக்கடி வரைந்தார்.