ஹோல்டர் யார் கையில்?

கேள்வி: தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் படிக்கிறேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பையன்கள் வெல்டிங் அடிக்கும்போது, “நீ பதிவேட்டை எழுதும்மா, பொறி பட்டுவிடும்” என்கிறார் பயிற்றுநர். அன்பாகத்தான் சொல்கிறார். அண்ணனோ தையல் பிரிவுக்கு மாறச் சொல்கிறான். மாறிவிடவா?

பதில்: மாறாதே, மகளே. தையலில் ஆசை இருந்தால் தாராளமாகப் படி. பெண் என்பதற்காக மட்டும் அங்கே போகாதே.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த அன்புதான். அவர் திட்டியிருந்தால் நீ எதிர்த்துக் கேட்டிருப்பாய். அன்பாகச் சொன்னதால் பதிவேட்டை வாங்கிக்கொண்டாய். வெல்டிங் கைக்குப் பழக வேண்டிய தொழில். எலெக்ட்ரோடு என்கிற வெல்டிங் குச்சிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்சுடர்தான் ஆர்க். அது நீண்டால் பொறி சிதறும், ரொம்பக் குறைந்தால் எலெக்ட்ரோடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்க முடியாது. கடைசியில் அவர்களுக்கும் உனக்கும் ஒரே சான்றிதழ்தான். வேலைக்குப் போகிற இடத்தில் ஒரு ஜாயின்ட் போட்டுக் காட்டச் சொல்லும்போது உன் கை நடுங்கும். “பெண்களுக்கு இது வராது” என்று உடனே சொல்லிவிடுவார்கள். பழக விடாமல் வைத்துவிட்டு இப்படிச் சொல்வதை நினைத்தால் எனக்குக் கோபம் பொங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டர்களாக இருந்தார்கள். அவர்களுக்கு வந்தது உனக்கும் வரும்.

சரி, இன்றிலிருந்து ஒரு நோட்டுப் போடு. எலெக்ட்ரோடைப் பிடிக்கும் ஹோல்டர் உன் கையில் இருந்தது எத்தனை நிமிடம் என்று தினமும் எழுது. இரண்டு வாரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு பயிற்றுநரைத் தனியாகப் பார். “சார், பதிவேட்டை எல்லோரும் முறை வைத்து எழுதுகிறோம், எனக்கும் சமமான நேரம் கொடுங்கள்” என்று கேள். பெரும்பாலும் இதிலேயே வழி பிறக்கும். இல்லையென்றால் முதல்வருக்கு எழுத்தில் கொடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆவது உடன்படிக்கை, தொழிற்பயிற்சி பெறும் வாய்ப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1958-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம், பொறி படும் என்பது உண்மைதான். பையன்களுக்கும் படும். ஆண்களின் அளவுக்குத் தைத்த கையுறை உன் கையில் தொளதொளவென்று இருந்தால் பிடிமானம் போகும், மணிக்கட்டு வழியாகப் பொறியும் உள்ளே விழும். உன் அளவுக்கு ஒரு ஜோடி கேட்டு வாங்கு.

அண்ணனிடம் இப்போது வாதாட வேண்டாம். நன்றாக அமைந்த முதல் ஜாயின்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் கையில் கொடு.