இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தில் நடக்கும் கிறிஸ்தவக் காதல் நாவலில் திருமணக் காட்சியைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

கேள்வியில் கொடுத்திருக்கும் கதைச் சுருக்கம் இது: 1941 டிசம்பர், இங்கிலாந்துக் கிராமம். இருபது வயதுப் பெண். இரண்டு நாள் விடுப்பில் வரும் தரைப்படைச் சிப்பாய் வந்த கையோடு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயத்தில் அவளை மணக்கிறான். மணி ஒலிக்கிறது, பாராசூட் பட்டில் தைத்த வெள்ளை கவுன். பிறகு அவன் சிங்கப்பூரில் கைதியாகிறான், அவளுக்குத் தந்தி வருகிறது.

இதில் ஐந்து இடங்கள் உதைக்கின்றன. திருத்தினால் கதை கெடாது, இறுகும்.

முதலில் ஓலை, அதாவது இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு. நம்மூர்ச் சபைகளைப் போலவே அங்கும் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும், அதுவும் இருவருடைய பங்குகளிலும் (பங்கு என்றால் ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி). மாப்பிள்ளை முகாமில் இருக்கலாம், நேரில் வந்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் அவன் பங்குக் குருவானவர் எழுதித்தரும் ஓலைச் சான்று மணநாளுக்குள் பெண் வீட்டுப் பங்குக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். வராவிட்டால் பெண் வாசலில் வந்து நின்றாலும் குருவானவர் நடத்தமாட்டார். குண்டுவீச்சில் தபால் தடுமாறிய காலம் அது. சண்டை, சதி எதுவும் இல்லாமலே ஒரு அத்தியாயத்துக்கு வேண்டிய பதற்றம் இந்த ஒரு தாளில் இருக்கிறது.

ஓலை இல்லாத வழிகளும் உண்டு. பேராயர் பெயரில் தரும் சாதாரண அனுமதிக்கு, இருவரில் ஒருவர் அந்தப் பங்கில் 15 நாள் வசித்திருக்க வேண்டும். தடையேதும் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். காண்டர்பரி பிரதமப் பேராயர் தரும் சிறப்பு அனுமதியில் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்கலாம். மருத்துவமனைக் கட்டிலோரத் திருமணம் வேண்டுமானால் அதுதான் வழி. ஆகவே அவசரக் கல்யாணம் நடக்காத காரியமல்ல, ஆனால் எந்த வழியில் நடந்தது என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

பெண்ணுக்கு இருபதுதான் என்பதையும் கவனியுங்கள். அன்று 21 நிறையாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவைப்பட்டது. அனுமதிச் சீட்டுக்குப் போனால் சம்மதம் உண்டென்று சத்தியம் செய்தாக வேண்டும். ஓலையில் வேறு மாதிரி: பெற்றவர் சபை நடுவே எழுந்து மறுத்தால் அந்த ஓலை செல்லாது. அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றால் வில்லனைத் தேடி வெளியே போக வேண்டாம்.

இனி நாட்காட்டி. திருமணத்தை டிசம்பர் 13 சனிக்கிழமை என்று வையுங்கள். ஓலை ஞாயிறுகள் நவம்பர் 23, 30, டிசம்பர் 7. இதில் டிசம்பர் 2 அன்று, மணமாகாத பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைக்கப்போவதாகப் பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கிறார். 20 முதல் 30 வயது வரை என்ற சட்டம் 18 அன்று நிறைவேறுகிறது. "கூப்பிட்டுவிடுவார்கள் என்றுதான் அவசரமாகக் கட்டிக்கொள்கிறாள்" என்று ஊர் பேசும். முதல் ஓலை நவம்பர் 23 அன்றே வாசித்தாயிற்று என்பதை வாதாடிச் சொல்ல, ஆலயத்தில் யாராவது ஒரு கிழவியை வையுங்கள். மூன்றாம் ஓலை வாசித்த காலையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது; அன்றிரவு 9 மணி பிபிசி செய்தியில், அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தி.

நேரத்திலும் ஒரு பொறி. 1940 முதல் குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்னே திருப்பவில்லை, கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னேதான் ஓடியது. அதனால் டிசம்பரில் தென் இங்கிலாந்தில் சூரியன் மறைவது கடிகாரப்படி ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். காலை எட்டரைக்கும் சூரியன் உதித்திருக்காது. அன்றைய சட்டப்படி காலை 8 முதல் மாலை 6 வரை மணக்கலாம் என்றாலும் பெரிய ஜன்னல்களுக்கு, வெளிச்சம் எதிரி விமானங்களுக்குத் தெரியாமல் மறைக்கும் இருட்டடிப்புத் திரை போட முடியாத ஆலயங்கள் ஆராதனையையே பிற்பகலுக்குத் தள்ளின. ஆகவே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாலைத் திருமணம் வேண்டாம். மதியம் இரண்டு மணி பத்திரம்.

மணியோசையை நீக்கிவிடுங்கள். 1940 ஜூன் 13 முதல் ஆலய மணி என்றால் எதிரி இறங்கிவிட்டான் என்று அர்த்தம். எகிப்தின் எல் அலமெய்ன் போரில் கிடைத்த வெற்றிக்காக 1942 நவம்பர் 15 அன்று அடித்தார்கள். தடை நீங்கியது 1943 வசந்தத்தில். மணி அடிக்காத ஆலயத்திலிருந்து தம்பதி வெளியே வரும் அமைதி, அடித்த மணியைவிட நன்றாக எழுத வரும்.

கவுன் விஷயம்: பாராசூட் அரசு உடைமை, கிழித்துத் தைத்தால் திருட்டு. உபரித் துணி தாராளமாகக் கிடைத்தது போர் முடிந்த பிறகுதான். 1941 ஜூன் 1 முதல் துணிக்குக் கூப்பன், முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66. கம்பளி உடைக்கு 11, காலணிக்கு 5, காலுறைக்கு 2. பெரும்பாலும் அக்காவின் கவுனையோ பக்கத்து வீட்டாருடையதையோ இரவல் வாங்கிப் பிடித்துத் தைத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சீருடை இருக்கிறது, கவலையில்லை. கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சுக்கு 1940 ஆகஸ்டிலிருந்து தடை. அதனால் வெள்ளை அட்டையில் செய்த போலி மூடியை வாடகைக்கு எடுத்துக் கவிழ்த்தார்கள். மூடியைத் தூக்கியதும் உள்ளே கையகலக் கேக்.

டிசம்பரில் மணந்தவனைச் சிங்கப்பூரில் கைதியாக்குவது கடினம். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் பயணம் இரண்டு மாதம் பிடிக்கும், நகரம் வீழ்ந்ததோ 1942 பிப்ரவரி 15. அங்கே சிக்கிய பிரிட்டிஷ் தரைப்படையின் 18ஆவது டிவிஷன் அக்டோபரிலேயே கப்பலேறிவிட்டது. சிங்கப்பூர்தான் வேண்டுமென்றால் கல்யாணத்தைச் செப்டம்பருக்கு இழுங்கள், ஆனால் மேலே சொன்ன கட்டாயப் பணி வம்பை இழப்பீர்கள். நானாக இருந்தால் டிசம்பரை வைத்துக்கொண்டு அவனை எகிப்துக்கு அனுப்புவேன்.

தந்தியும் இடிக்கிறது. சாதாரணச் சிப்பாய் காணாமற்போனால் குடும்பத்துக்குப் பெரும்பாலும் வந்தது தபாலில் ஒரு அச்சுப் படிவம், பெயர் போன்ற விவரங்களை மட்டும் நிரப்பியது. அதுவும் நெருங்கிய உறவினருக்கே. மனைவி என்றால் அவளுக்கு. நிச்சயம் மட்டும் ஆகியிருந்தால் அவன் அம்மாவுக்கு. அந்த ஓலைச் சான்று வராமல் கல்யாணம் தள்ளிப்போயிருந்தால்? செய்தி அவளிடம் யார் வாயால், எத்தனை நாள் கழித்து வருகிறது என்று யோசியுங்கள்.

விசுவாசப் பகுதிக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். ஜெபித்தாள், உடனே கடிதம் வந்தது என்று எழுதாதீர்கள். 1940 மே 26 தேசிய ஜெப நாள். அன்று மாலைதான், பிரெஞ்சுக் கடற்கரையில் சிக்கிய படைகளைக் கப்பலில் கொண்டுவந்த டன்கர்க் மீட்பு தொடங்கியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள், வராதவர்களும் உண்டு. திரும்பியவர் வீட்டாரும் திரும்பாதவர் வீட்டாரும் ஒரே பெஞ்சில் ஜெபித்தவர்கள்தான். உங்கள் கதாநாயகி அந்தப் பெஞ்சில் யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்பதிலிருந்து அந்த அத்தியாயத்தைத் தொடங்கலாம்.

தமிழில் எழுதுவதால் இன்னொரு வசதி. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. மிஸ் என்று குடும்பப் பெயரோடு அழைத்தவன் ஞானஸ்நானப் பெயருக்கு மாறுவதுதான் நெருக்கத்தின் அடையாளம். அந்த இடத்தில் 'நீங்கள்' என்பதை 'நீ' ஆக்குங்கள், அதற்கு முன்னால் ஒருமுறைகூட வேண்டாம். ஜெபத்தில் மட்டும் முதலிலிருந்தே 'நீர்'.