தாத்தா காலத்து என்ஃபீல்டு: குழல்ல புதுசா வரி வெட்டலாமா?

தாத்தாவோட என்ஃபீல்டு துப்பாக்கி, குழல் வாய்வழியா மருந்து கெட்டிக்கிற வகை, லைசென்ஸ் இப்ப அப்பா பேர்ல இருக்கு, உள்ள ஒரே துரு, குண்டைச் சுழல வைக்கக் குழல் உள்ள வெட்டியிருக்கற ரைஃபிள் வரியே தெரியல, புரோக்கர் ஒருத்தர் புதுசா வரி வெட்டித் தர்றேன்னு பதினஞ்சாயிரம் கேக்கறார், குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

குடுக்காதீங்க.

முதல்ல உள்ள மருந்து இருக்கான்னு பாருங்க. வாய்க்கு நேரா முகத்தைக் கொண்டு போகாம, ஒரு மரக்குச்சிய அடிவரைக்கும் விட்டு வாய்கிட்ட பென்சில் கோடு போட்டு, வெளிய எடுத்து குழல் மேலயே வச்சுப் பாருங்க. குச்சி முனை நிப்பிள் (குழல் அடில கேப் மாட்டற சின்ன முனை) கிட்ட வரணும். ரெண்டு மூணு இன்ச் முன்னாடியே நின்னுட்டா தாத்தா என்னைக்கோ காட்டுப்பன்னிக்குக் கெட்டிச்சது இன்னும் உள்ளயே இருக்கலாம், கருமருந்து காஞ்சு கிடந்தா எத்தனை வருஷமானாலும் பத்திக்கும். அதோட நிறுத்திட்டு லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட சொல்லுங்க.

காலின்னா அடுத்து வெர்னியர் வச்சு வாயை அளங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 1857-க்கு அப்புறம் இந்தியச் சிப்பாய்ங்களுக்கு வெள்ளைக்காரன் வரியே இல்லாத என்ஃபீல்டைத்தான் குடுத்தான், வெளிய பாத்தா கிட்டத்தட்ட அதே துப்பாக்கிதான். வரி உள்ளதுக்குத் துளை 14.7 மி.மீ, உள்ள மூணு வரி, 39 இன்ச் குழல் முழுக்க அந்த வரி அரைச் சுத்துதான் திரும்பும். வரி இல்லாததுக்கு 16.6 மி.மீ கிட்ட. துரு புடிச்சு ரெண்டு மி.மீ பெருசாகாதுங்க. 16-க்கு மேல காட்டுச்சுன்னா உங்க துப்பாக்கில வரி தேயல, சிப்பாய்க்குக் குடுக்கும்போதே இல்ல. அதுலயும் முதல்ல வந்ததெல்லாம் இருந்த குழலையே பெருசா கடைஞ்சது, சுவர் மெல்லிசு, அதுல போய் வரி வெட்டினா சுடும்போது குழல் வெடிச்சு சுடறவர் கையே போயிடும்.

சுத்தம் பண்றது வீட்டுலயே முடியும். பட்டைகளைக் கழட்டி குழலை மரத்துலேர்ந்து எடுங்க, குழலோட பின்பக்கத்தை அடைச்சிருக்கற அடி மரையை மட்டும் தொடாதீங்க. சுடுதண்ணி, சோப்பு, அப்புறம் நிப்பிளை அடைச்சு ரெண்டு நாள் மண்ணெண்ணெய், அப்புறம் வெண்கல பிரஷ். துணில செம்பழுப்பு வர்றது நின்னா போதும், துரு அரிச்ச பள்ளம் அப்படியே இருக்கட்டும். ஆசிட், ட்ரில் மெஷின்ல சுத்தின எமரி ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

புரோக்கருங்க இன்னொண்ணும் சொல்லுவாங்க, நூறு வருஷமாச்சு, ஆன்டிக், பேப்பரே வேணாம்னு. பொய். ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாதுங்கிற நிலைமைல இருந்தாத்தான் ஆயுதச் சட்டம் 45-வது பிரிவுல விலக்கு. வரி வெட்டற பட்டறைக்காரர்கிட்ட லைசென்ஸ் இல்லைன்னா அவர் கைல குடுக்கறதே குத்தம்.

ஒரு குடும்பத்துக்காக துப்பாக்கி லைசென்ஸ் பேர் மாத்தற ஃபைலுக்குப் பின்னாடி நானே ரெண்டு வருஷம் அலைஞ்சேன், மேஜைக்கு மேஜை அதே நகலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அதுவரைக்கும் அவங்க துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷன்ல ஈரச்சாக்குல கிடந்து, எண்ணெய் போட்டுக் குடுத்த குழல் உள்ள செங்கல் நிறமா திரும்பி வந்துச்சு. எண்ணெய் போட ஒரு நிமிஷம் ஆகுமா? உங்களுது எங்கயாவது டெபாசிட் பண்ண வேண்டி வந்தா உள்ள நல்லா கிரீஸ் தடவி, வாயையும் நிப்பிளையும் மெழுகுத் துணியால அடைச்சுக் குடுங்க, ரசீதுல குழல் நிலைமையையும் எழுதச் சொல்லுங்க.