கஸ்டம் ரோமில் செயலிகளைச் சேர்க்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

லினேஜ் ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு சார்ந்த இயங்குதளத்தின் மூலநிரலிலிருந்து சொந்தமாக ஒரு ரோமை (போனில் நிறுவும் மாற்று இயங்குதளத்தை) உருவாக்குவதாகவும், தமிழ் விசைப்பலகை, உலாவி, கூகுள் செயலிகள் ஆகியவை முதல் முறை போனை இயக்கும்போதே அதில் இருக்க வேண்டும் என்றும், ஏபிகே கோப்புகளை (செயலிகளின் நிறுவல் கோப்புகளை) எங்கே வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கும் இடம் பெரிய சிக்கல் இல்லை. மூலநிரலில் உள்ள வெண்டார் கோப்புறைக்குள் செயலிக்கென ஒரு கோப்புறை அமைத்து, ஏபிகேயையும் அதை விவரிக்கும் ஆண்ட்ராய்டு.பிபி கோப்பையும் அதில் வையுங்கள். பிறகு அங்கே கொடுத்த பெயரைச் சாதனத்தின் மேக் கோப்பில் (ரோமில் என்னென்ன சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பில்) உள்ள 'புராடக்ட் பேக்கேஜஸ்' பட்டியலில் எழுத்துப் பிசகாமல் சேருங்கள்.

உண்மையில் யோசிக்க வேண்டியது, செயலி யாருடையது என்பதைக் காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றித்தான். விவரக் கோப்பில் 'பிரீசைன்டு' என்று குறித்தால், செயலியை உருவாக்கியவரின் கையொப்பம் அப்படியே நிற்கும். 'பிளாட்ஃபார்ம்' சான்றிதழைக் குறித்தாலோ, உங்கள் சாவியால் அது மறுபடியும் கையொப்பமிடப்படும். அதன்பின் எஃப்-டிராய்டு போன்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து புதிய பதிப்பு வந்தாலும், கையொப்பம் பொருந்தாததால் ஆண்ட்ராய்டு அதை நிறுவ மறுத்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்கள் அடிக்கடி வரும் உலாவியை இப்படிப் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைப்பது, உங்களை நம்பி ரோமை நிறுவியவருக்குச் செய்யும் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது, 'பிரிவ்-ஆப்' கோப்புறை. சிறப்பு அனுமதிகள் தேவைப்படும் செயலிகளுக்கு மட்டுமே அது உரியது. ஆண்ட்ராய்டு 8 முதல், அத்தகைய செயலி கேட்கும் சிறப்பு அனுமதிகளை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். ஒருமுறை ஒரு காப்புப்பிரதிச் செயலியை அங்கே வைத்துவிட்டு, பட்டியலில் ஒரேயொரு அனுமதியை நான் விட்டுவிட்டேன். பில்ட், அதாவது மூலநிரலை ரோமாக மாற்றும் வேலை, பிழையின்றி முடிந்தது. போனோ தொடக்கத் திரையைத் தாண்டாமல் மீண்டும் மீண்டும் அதையே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் இயங்குதளத்தின் மையமான கர்னலைச் சந்தேகித்த பிறகு, போனில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் லாக்கேட் பதிவைப் படித்தபோது, விடுபட்ட அனுமதியின் பெயரே அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் போன் இயங்கியது. ஆகவே போன் தொடக்கத்திலேயே சுழன்றால் முதலில் லாக்கேட்டைப் பாருங்கள்.

கூகுள் செயலிகளை மட்டும் ரோமுக்குள் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்தது. ஜிமெயில், மேப்ஸ், பிளே ஸ்டோர் ஆகியவை அவ்வாறு அல்ல, அவற்றைப் பகிரக் கூகுளின் உரிமம் வேண்டும். 2009 செப்டம்பரில், இவ்வகைச் செயலிகளைச் சேர்த்து வெளியிட்டதற்காகச் சயனோஜென்மாட் என்ற ரோமின் உருவாக்குநர் ஸ்டீவ் கோண்டிக்குக்குக் கூகுள் தடைக் கடிதம் அனுப்பியது; அதன்பின் அந்த ரோம் அவை இல்லாமலேயே வெளிவந்தது. அதன் வழிவந்த லினேஜ் ஓஎஸ்ஸும் இன்றுவரை அவ்வாறே செய்கிறது. வேண்டியவர்கள் கூகுள் செயலிகள் அடங்கிய ஜிஆப்ஸ் தொகுப்பைத் தனியே ஃபிளாஷ் செய்து (போனில் எழுதி) நிறுவிக்கொள்ளட்டும். ஆனால் ரோமை நிறுவியதும், போனை முதல் முறை இயக்குவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும் என்பதை உங்கள் நிறுவல் குறிப்பில் தெளிவாக எழுதிவிடுங்கள்.