மணிக்கம்பியை ஒளித்த தாத்தா

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறைக்கு என் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். 78 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். ஒருநாள் இரவு கரண்ட் போனபோது, தன் பள்ளிக்கூடக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்கிற கம்பியை எடுத்து, கூட்டாளிகளோடு வைக்கோல்போரில் ஒளித்துவிட்டாராம். மணி அடிக்காவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது என்று கணக்கு. வாத்தியாரோ வாயாலேயே கூப்பிட்டு வகுப்பை ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் எல்லாரும் பையைத் தூக்கியபோது, "மணி அடிக்கலையே, எப்படிடா விடுறது?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம். இருட்டுகிற நேரத்தில்தான் கம்பி வந்து சேர்ந்தது. யார் கொண்டுவந்தது என்று கேட்டால் மட்டும் அப்பா சிரித்தபடி பேச்சை மாற்றிவிடுகிறார்.

உடனே ஒன்பதாவது படிக்கும் என் மகனும் ஆரம்பித்துவிட்டான். 2020-ல் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால், நெட்வொர்க் நின்றுபோன மாதிரி கண்கூட இமைக்காமல் சிலையாக உட்கார்ந்துவிடுவானாம். ஒருநாள் அவனுக்குப் பின்னால் என் மாமியார் துணிக்கூடையோடு நடந்து போக, "தம்பி, நீ நின்னுட்ட, சரி. பாட்டி மட்டும் எப்படி நடக்கிறாங்க?" என்று கேட்டாராம் டீச்சர்.

என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. பெரியவர்களே இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும். உங்கள் கடிதத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. தாத்தா வாயைத் திறந்த பிறகுதானே பேரன் வாயைத் திறந்தான்? ஐந்து வருஷமாக உங்களிடம் மறைத்து வைத்திருந்ததை, ஒன்பதாவது படிக்கிற பையன், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறான். அந்த வயதில் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொண்டே போவார்கள். உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

என் தாத்தா 1906-ல் பிறந்தவர். கொள்ளிடக் கரையில் ஒரு கிராமத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தார். மணலில் விரலால் எழுதிப் பழகி, எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு ஏட்டை உரக்கச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம் செய்கிற படிப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியார் தூணில் சாய்ந்து கண்ணயர்வார். பிள்ளைகள் சத்தம் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் கேட்கிறவரை தூங்குவார், நின்றால் விழித்துக்கொள்வார். இதைக் கண்டுபிடித்தது, வாத்தியாருக்குப் பதிலாக மற்றவர்களைக் கவனிக்க வேண்டிய மூத்த மாணவன், சட்டாம்பிள்ளைதான்! ஒரேயடியாக எழுந்து போனால் சத்தம் சட்டென்று குறையும் அல்லவா? அதனால் ஒவ்வொருவராக, குரலை மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே நழுவ வேண்டும். இருபது பேர் ஆற்றுக்குப் போய்விடுவார்கள். ஓட முடியாத பொடியன்கள் இரண்டு பேர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க வேண்டும். அதில் ஒருவர் என் தாத்தா.

அப்படிக் கத்தியதில் கீழ்வாய் இலக்கம் என்கிற பின்னக் கணக்கு முழுவதும் அவருக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. எண்பது வயதிலும் கடைக்காரர் பென்சிலைத் தேடுவதற்குள் கணக்கை முடித்துவிடுவார். "ஆத்துக்குப் போனவனெல்லாம் நீச்சல் கத்துக்கிட்டான். நான் மாகாணி கத்துக்கிட்டேன்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் தோள் குலுங்குவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அந்தக் கதை அங்கே முடியாது. ஒருநாள் வாத்தியார் விழித்துவிட்டார். ஆற்றுக்குப் போனவர்களில் என் தாத்தாவின் அண்ணனும் உண்டு. அவருக்குக் கோதண்டம் போட்டார்கள். விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடுகிற தண்டனை. தாத்தா இந்த இடத்தில் சிரிக்க மாட்டார். ஆனால் ஒருமுறைகூட இதைச் சொல்லாமல் விட்டதும் இல்லை.

உங்கள் கணவரின் கவலைக்கு என் பதில் இதுதான். பாதிக் கதையைச் சொன்னால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முழுக்கதையும் சொன்னால் பயப்பட ஒன்றும் இல்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லி நம்மைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த காலத்தை இன்றைக்கு வேடிக்கையாகப் பேசுகிறோம். அந்த அடியால்தான் உருப்பட்டோம் என்றும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. ரொம்பத் தாமதமாக வந்த சட்டம்.

நான் இத்தனை வருஷமாக வீட்டில் சொல்லாமலே வைத்திருந்த ஒன்றையும் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் முன் பெஞ்சுப் பையனின் சட்டையில் இங்க் பேனாவை உதறினேன். வகுப்பே சிரித்தது. இடைவேளையில் அவன் குழாயடியில் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தான். நீலம் போகவில்லை, இன்னும் பரவியது. மறுநாளும் அதே சட்டையில் வந்தான். அந்த வருஷம் முழுக்க அதே சட்டைதான். அவனிடம் வேறு சட்டை இல்லை. வேறு குறும்புகளைப் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இதைச் சொல்ல வாய் வந்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இரவு மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் பேர் என்னப்பா?" என்று கேட்டாள். பேர் நினைவிருந்தது. சொன்னேன்.

அப்புறம், உங்கள் அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் ஐந்தாவது படித்தது 1957, 58 வாக்கில் இருக்கும். மதிய உணவுத் திட்டம் தொடங்கி ஓரிரு வருஷமே ஆகியிருந்த சமயம். எங்கள் ஊரில் பள்ளிக்கூட மணிதான் ஊருக்கே கடிகாரம். களை பறிக்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கஞ்சி குடிக்கக் கரையேறுவார்கள். உங்கள் அப்பாவின் ஊரிலும் அப்படித்தான் என்றால், அன்றைக்குப் பள்ளிக்கூடம் மட்டுமா தடுமாறியிருக்கும்? அந்த வாத்தியாரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பிரம்பை எடுக்கவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. கம்பி வரும்வரை தானும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்.

அந்தக் கம்பியை யார் கொண்டுவந்தார்கள் என்று அப்பாவிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். எல்லாரும் இருக்கும்போது வேண்டாம். பேரனைக் கேட்கச் சொல்லுங்கள், அவனிடம் சொல்லிவிடுவார். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.