மிருதங்கம் தெரியும், இன்ஜினியரிங் முடிக்கப் போகிறேன். மூளை தாளத்தை எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சியில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் இதற்கென்று தனித் துறையோ, ‘தாள ஆராய்ச்சியாளர் தேவை’ என்ற விளம்பரமோ இருக்காது. உளவியல், நரம்பியல், இசையியல், சிக்னல் பிராசசிங் என்று ஏதாவது ஒரு கதவு வழியாக உள்ளே நுழைந்து, அங்கே போய்த்தான் தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு உளவியல் வழியாகப் போனவன். இப்போது கனடாவில் பிஎச்டி நான்காம் ஆண்டு.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு என் முதல் வாரத்தைச் சொல்கிறேன். சத்தம் புகாத சின்ன அறை, காதில் ஹெட்ஃபோன், விரலுக்குக் கீழே ஒரு பேட். சீரான இடைவெளியில் ‘டிக் டிக்’ என்று அடிக்கும் மெட்ரோனோம் சத்தத்தோடு சேர்ந்து தட்டு என்றார்கள். பத்து வருடம் மிருதங்கம் வாசித்தவன், இதென்ன பெரிய விஷயம் என்று தட்டினேன். கிராஃபைப் பார்த்தால் என் தட்டுகளில் பாதிக்கு மேல் சத்தத்துக்கு முன்னாலேயே விழுந்திருந்தன. சில மில்லி செகண்டுகள்தான், ஆனாலும் முன்னால். ‘ஓடாதேடா’ என்று வாத்தியார் தொடையில் தட்டியதெல்லாம் ஞாபகம் வந்து மானமே போன மாதிரி இருந்தது. கைடு சிரித்தார். எல்லோரும் அப்படித்தானாம், இது நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயமாம். இசைப் பயிற்சியே இல்லாதவர்கள் இன்னும் அதிகமாக முந்துவார்கள். சத்தம் கேட்ட பிறகு கையை அசைத்தால் நூறு மில்லி செகண்டுக்கு மேல் பிந்திவிடும். அதனால் மூளை அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே கணித்துக் கையை அனுப்பிவிடுகிறது. இந்தக் கணிப்பைத்தான் நாங்கள் படிக்கிறோம்.

தாளத்தின் அடி சத்தத்திலேயே இருக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் உடம்பின் அசைவுக்கும் அதில் பங்கு உண்டு. 2005-இல் கனடாவில் ஜெசிகா ஃபிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் ஏழு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அழுத்தமே இல்லாத ஒரு தாளத்தைப் போட்டு, சில குழந்தைகளை இரண்டு அடிக்கு ஒருமுறை தூக்கிப்போட்டு ஆட்டினார்கள், சில குழந்தைகளை மூன்று அடிக்கு ஒருமுறை. கேட்டது ஒரே சத்தம். பிறகு அழுத்தம் சேர்த்துப் போட்டபோது, தாங்கள் ஆடிய கணக்குக்குப் பொருந்தியதையே அந்தக் குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. அடுத்தவர் ஆடுவதைச் சும்மா பார்த்த குழந்தைகளிடம் இந்த விளைவு இல்லை.

உங்கள் மிருதங்கம் உதவும் இடம் ஒன்று உண்டு. அதே 2005-இல் எரின் ஹானனும் சாண்ட்ரா டிரெஹப்பும் பால்கன் பகுதியின் ஏழு எண்ணிக்கைத் தாளங்களைச் சோதித்தார்கள். அதில் நடக்கும் பிசகை அமெரிக்க, கனடியப் பெரியவர்களால் பிடிக்க முடியவில்லை. பல்கேரிய, மாசிடோனியப் பெரியவர்கள் பிடித்தார்கள். ஆறு மாதக் கனடியக் குழந்தைகளும் பிடித்தன! பிறக்கும்போது எல்லோருக்கும் திறந்திருக்கும் காது, கேட்டுப் பழகியதற்கேற்பக் குறுகுகிறது. நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவைக் கேட்டே வளர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் குறைவு. ஆனால் ‘எனக்கு முப்பத்தைந்து தாளமும் தெரியும்’ என்பது ஆராய்ச்சிக் கேள்வி ஆகாது. என் முதல் ஆய்வுத் திட்டம் அப்படித்தான் இருந்தது, இரண்டே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, தினசரி வேலை. பெரும்பாலும் சலிப்பானது. இஇஜி (மூளையின் மின் அலைகளைத் தலைமேலிருந்தே பதிவு செய்வது) சோதனை என்றால் வந்தவரின் தலையில் 64 எலக்ட்ரோடு உள்ள தொப்பியை மாட்டி, ஒவ்வொன்றிலும் ஜெல் வைத்து, முடிந்ததும் அவர் தலைமுடியைக் கழுவ ஷாம்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். தலையாட்டினால் பதிவு கெட்டுவிடும். ஒரு கச்சேரி ரசிகரை உட்காரவைத்து ‘தலையாட்டாமல் கேளுங்கள் மாமா’ என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். அப்புறம் அந்தப் பதிவிலிருந்து கண் சிமிட்டலையெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்ய வாரக்கணக்கில் கணினி முன்னால். அதனால் மேட்லாபோ பைத்தானோ ஏதாவது ஒரு நிரலாக்க மொழியும், கூடவே நல்ல புள்ளியியலும் கட்டாயம் வேண்டும். இன்ஜினியரிங் படித்தவருக்கு இதில்தான் அனுகூலம்.

எம்ஆர்ஐ வேறு மாதிரி. அந்த இயந்திரமே தடதடவென்று தாளம் போடும், உள்ளே படுத்தவர் அசையவும் கூடாது. அப்படியும், தெளிவான அடி உள்ள தாளத்தைக் கேட்கும்போது, அசைவுக்கான மூளைப் பகுதிகள், முக்கியமாக மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா, கூடுதலாக வேலை செய்வதை ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-இல் காட்டினார்கள். பார்கின்சன் நோயில் பாதிக்கப்படுவதும் இதே பகுதிதான். தாளத்துக்கேற்ப நடக்க வைக்கும் சிகிச்சையும் இந்தத் துறையோடு சேர்ந்தே வளர்ந்தது. உங்களுக்கு மருத்துவப் பக்கம் ஆர்வம் இருந்தால் நிதி கிடைப்பதும் அங்கே கொஞ்சம் சுலபம்.

எங்கே படிக்கலாம்? கனடாவில் மெக்மாஸ்டர், வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்கள், மாண்ட்ரியலில் பிராம்ஸ் ஆய்வகம். நார்வேயில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் ரிட்மோ மையம், டென்மார்க்கில் ஆர்ஹுஸ், ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸில் இசை அறிதல் ஆய்வகம் உண்டு. ஐஐடி காந்திநகரிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் அறிதல் அறிவியல் (மனமும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்ற படிப்பு) முதுகலை இருக்கிறது, முதலில் அதைப் படித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். வெளிநாட்டில் உதவித்தொகை இல்லாத பிஎச்டி இடம் கிடைத்தால் வாங்காதீர்கள்.

பேராசிரியர் வேலையை மட்டும் நம்பி வரவேண்டாம். இடங்கள் மிகக் குறைவு, பிஎச்டிக்குப் பிறகு இரண்டு மூன்று போஸ்ட்டாக் (தற்காலிக ஆராய்ச்சி வேலை) என்று ஊர் ஊராகப் பெட்டி தூக்க வேண்டியிருக்கும். என் சீனியர்களில் ஒருவர் காது கேட்கும் கருவி செய்யும் நிறுவனத்தில் இருக்கிறார், இன்னொருவர் டேட்டா சயின்ஸுக்குப் போய்விட்டார், இருவரும் சௌக்கியம்.

பேராசிரியர்களுக்கு மெயில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘சிறு வயது முதலே இசையில் ஆர்வம்’ என்று நான் அனுப்பிய பதினோரு மெயிலுக்கும் பதில் இல்லை. அதற்கப்புறம் நண்பர்கள் எட்டுப் பேரை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் மிஸ்ர சாபுவுக்குத் தட்டச் சொல்லி, அந்த ஏழில் முதலில் வரும் ‘தகிட’வின் மூன்று எண்ணிக்கையை ஏன் எல்லோரும் கொஞ்சம் நீட்டுகிறார்கள் என்று ஒரு பத்தி எழுதி, கிராஃபை இணைத்து அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது: ‘உங்கள் லேப்டாப்பின் தாமதத்தைக் கழித்தீர்களா?’ தட்டியதைக் கணினி பதிவு செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் அது. நான் கழிக்கவில்லை. கழித்துவிட்டு மறுபடி அனுப்பினேன்.