கதைப் புத்தகமும் கையுமாக இருக்கும் மகளுக்கு எந்தப் பாடம்?

வணக்கம் அம்மா,

உங்கள் கேள்வியில் இரண்டு பயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தரம் 10இல் மகள் தமிழ் இலக்கிய நயத்தை (கதையையும் கவிதையையும் நயந்து படிக்கும் விருப்பப் பாடத்தை) எடுத்தால் மருத்துவத்துக்கோ கணினிக்கோ போகும் வழி அடைபட்டுவிடுமோ என்பது ஒன்று. கதையும் கவிதையும் வாசித்து நாளைக்கு உலை கொதிக்குமா என்பது மற்றது. முதலாவதை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். இரண்டாவதுக்குத்தான் ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும்.

இலங்கையில் தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு இப்போது 9 பாடங்கள். சமயம், தமிழ் மொழியும் இலக்கியமும், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. மிச்சம் மூன்றையும் மூன்று தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இலக்கிய நயம் இருப்பது இரண்டாம் தொகுதியில். சங்கீதம், சித்திரம், நடனம், நாடகமும் அரங்கியலும் அதோடு நிற்கின்றன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் (ஐ.சி.ரி.) மூன்றாம் தொகுதி. வணிகக் கல்வியும் கணக்கீட்டுக் கல்வியும் முதலாம் தொகுதி. ஆகவே "இலக்கியத்தை விட்டுட்டு ஐ.சி.ரி. எடு" என்று வீட்டில் நடக்கிற வாக்குவாதத்துக்கே இடமில்லை, மகள் இரண்டையும் எடுக்கலாம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்கோ கணிதப் பிரிவுக்கோ போக நினைத்தால் முக்கியமாகப் பார்க்கப்படுவது விஞ்ஞானப் பெறுபேறும் கணிதப் பெறுபேறும். இரண்டாம் தொகுதியில் எதை எடுத்தாள் என்பது அந்த வழியை மறிக்காது.

இனி இரண்டாவது பயம். இலக்கியம் வாசித்தால் பிள்ளை நல்லவளாகிவிடுவாள், ஒழுக்கம் வரும் என்று மேடைகளில் சொல்லுவார்கள். அந்த உறுதியை நான் தரமாட்டேன். வாசிப்பு தருவது அதைவிடச் சின்னதும் திடமானதுமான ஒன்று: ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் வந்தது என்று நின்று பார்க்கும் பழக்கம். அது எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே காட்டலாம்.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் எங்கள் திருகோணமலைக் கோயில் மேல் பாடிய கோணேசர் பதிகம் கோயிலில் அடிக்கடி காதில் விழுவது. அதில் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று வரும். ஒலிக்கிற கடலின் அலை முத்துக்களைக் கரையில் ஒதுக்குகிறது என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பரீட்சைக்கு அது காணும். ஆனால் அங்கே இருக்கிற சொல் "ஒதுக்கும்" அல்லவே, "கொழிக்கும்". கொழித்தல் என்றால் என்னவென்று அம்மம்மாவிடம் ஒரு சுளகைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். புடைக்கும்போது அரிசி மேலெழும்பி விழும். கொழிக்கும்போது சுளகைத் தாழப் பிடித்து அசைத்து அசைத்து, குறுணலை வேறாகவும் நல்லரிசியை வேறாகவும் பிரிப்பார்கள். அலையும் அப்படித்தான் வந்து, இழுத்து, மறுபடி வந்து மணலையும் முத்தையும் பிரிக்கிறது. கடலின் கையில் ஒரு சுளகு இருப்பது அந்த ஒரு வினைச்சொல்லால்தான் தெரிகிறது. மாலையில் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்தபடி அந்த வரியை மகள் வாய்விட்டுச் சொல்லட்டும்.

இந்தப் பழக்கம் தொழிலில் எங்கே உதவும் என்று கேட்பீர்கள். மூதூரில் இருந்து வரும் நோயாளி "நெஞ்சு நோகுது" என்கிறாரா, "நெஞ்சு அடைக்குது" என்கிறாரா, "நெஞ்சு எரியுது" என்கிறாரா என்பதைக் காதில் வாங்கும் வைத்தியர் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்பார். காணி உறுதியில் "அனுபவிக்கலாம்" என்று இருக்கிறதா, "உரித்துடையவர்" என்று இருக்கிறதா என்பதில் ஒரு காணியே தங்கியிருக்கும். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் மொழிக்கென்றே ஒரு வினாத்தாள் இருப்பதும் காரணமில்லாமல் அல்ல.

அதேநேரம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழில் பட்டம் மட்டும் கையில் இருந்தால், பெரும்பாலும் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டி வரும். அதோடு சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தால் நிலைமை மாறும். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. மூன்று சமூகங்களும் கலந்து வாழும் எங்கள் மாவட்டத்தில் கந்தோர், நீதிமன்றம், ஆஸ்பத்திரி எங்கும் மொழிபெயர்ப்புக்குத் தேவை இருக்கிறது. மொழிபெயர்ப்பில் சறுக்குபவர்களைப் பாருங்கள்: அநேகம் பேருக்குச் சிங்களம் விளங்கும், அதைத் தமிழில் சொல்ல வரும்போதுதான் சொல் கிடைக்காது. சொற்களஞ்சியம் அகராதியை மனனம் செய்து வருவதில்லை, வாசித்து வாசித்துத்தான் சேரும். மொழியும் தொடர்பாடலும் படிக்க வெளியூர் போகவேண்டும் என்றும் இல்லை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலேயே அதற்கான கற்கைகள் உண்டு.

மகள் இந்தப் பாடத்தை எடுத்தால் எங்கே பிழை வரும் தெரியுமா? நோட்ஸில்தான். "இக்கவிதையில் உவமையணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது" என்ற வசனத்தை எந்தக் கவிதைக்கும் எழுதலாம். அப்படியென்றால் அது எந்தக் கவிதையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மூலத்தைத் தொடாமல் இப்படி நயவுரையை மனனம் செய்த பிள்ளை, பார்த்திராத ஒரு செய்யுளைக் கொடுத்தவுடன் பேனையை வைத்துவிடும். இதற்கு மருந்து எளிது. முதலில் செய்யுளைச் சீர் பிரித்து இரண்டு தரம் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு அரும்பதம் பார்த்து, புத்தகத்தை மூடிவிட்டு, சொந்தச் சொல்லில் ஐந்து வரி எழுத வேண்டும். விளக்கவுரை அதற்குப் பிறகுதான். ஒழுங்கு மாறினால் பிள்ளை உரையாசிரியரின் கண்ணால் மட்டும் பார்க்கப் பழகிவிடும், அதைத் திருத்துவது பெரிய பாடு.

வீட்டில் ஒரு நாளைக்கு 30 நிமிடம் போதும், ஆனால் கைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் வைத்தால் பாதியில் நித்திரையாகிவிடும். பின்னேரம் ரியூசன் இல்லாத நேரம் நல்லது. ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். சிறுகதை ஒன்று வாசித்து முடிந்ததும் மூன்று விடைகள் எழுதட்டும்: கதையை யார் சொல்லுகிறார், அவர் எதைச் சொல்லாமல் விட்டார், எந்தச் சொல்லை எடுத்தால் கதை படுத்துவிடும். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் அதைத் திருத்தவும் வேண்டாம். கிழமைக்கு ஒரு தரம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அது போதும்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பொது நூலகத்தில் அங்கத்துவம் எடுங்கள். நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஏராளமாக இலவசமாக இருக்கின்றன. எங்கள் ஊர் எழுத்தில் இருந்து தொடங்குவது பிள்ளைக்கு ஒரு பிடிப்பைத் தரும். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும், 1895இல் வெளிவந்த மோகனாங்கியை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர் என்பது இங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? ஆனால் அந்தக் காலத்து நடை கடினம். சமகாலச் சிறுகதைகளில் தொடங்கி அங்கே போகட்டும்.

கணிதப் பயிற்சி நேரத்தைக் கதைப் புத்தகம் தின்ன விடாதீர்கள். கணிதம் கை பழகி வருவது. எந்த நாவலும் அதை ஈடுசெய்யாது. அதற்காகக் கணிதத்தில் புள்ளி குறைந்தவுடன் கதைப் புத்தகத்தைப் பறித்து அலுமாரியில் பூட்டவும் வேண்டாம். பறித்த நேரம் பெரும்பாலும் கைபேசிக்குத்தான் போகும்.

பாடத் தெரிவுப் படிவத்தைக் கொடுக்குமுன் பாடசாலையில் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். இலக்கிய நயத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? நேரசூசியில் அந்தப் பாடவேளைகள் உண்மையில் நடக்கின்றனவா? ஆசிரியர் இல்லையென்றால், நன்றாகக் கற்பிக்கப்படும் சங்கீதத்தையோ சித்திரத்தையோ மகள் தயங்காமல் எடுக்கட்டும். அந்த 80 பக்கக் கொப்பி மட்டும் வீட்டில் தொடரட்டும்.